வெட்டாத வரி

கண்டி
18.05.1980

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். முழங்கால் வலி மழைக்கு முன்னால் வந்து மழையோடு போகிறது. நீயும் ஜெமீலாவும் மகள் லைலாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

லைலாவுக்குப் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்க இடம் கிடைத்த செய்தி உன்னிடமிருந்து எனக்கு வரவில்லை. எங்கள் பள்ளிக்கூட விடுதியில் இருக்கும் கிண்ணியாப் பிள்ளை றஹ்மா, ஊருக்குப் போய் வந்து சொன்னாள். தெரிவுக் கடிதம் வந்து மூன்று கிழமையாம். ஒரு தபாலட்டை போட்டிருக்கலாம். அதை விடுகிறேன்.

படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விடுதி, சாப்பாடு, புத்தகம், மேலங்கி, தொழுவத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற நீளச் சப்பாத்து, பயணம் எல்லாம் சேர்ந்து மாதம் முந்நூறு ரூபாய்க்குக் குறையாது என்று இங்கே விசாரித்து அறிந்தேன். நாலு வருடம். இது திடீரென்று வந்த செலவல்ல. லைலா எட்டாம் வகுப்பில் இருக்கும்போது, 1973 தை மாதத்திலிருந்து, மாதம் எழுபத்தைந்து ரூபாய் காசுக்கட்டளையாக உனக்கு அனுப்பி வருகிறேன். அவள் பெயரில் தபால் சேமிப்புப் புத்தகம் திறந்து அதில் போடச் சொன்னேன். வட்டியோடு அது முதல் இரண்டு வருடத்தைத் தாங்கும். மற்ற இரண்டு வருடத்துக்கு என் சம்பளமும் உன் கடையும் இருக்கின்றன.

பதிவு செய்ய வேண்டிய நாள் ஒக்டோபர் 13. மூன்றாம் முறை சோதனை எழுதிச் சித்தியடைந்தவள். நாலாம் முறை இல்லை. அன்று போகாவிட்டால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போகும்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். புத்தகத்தைப் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பு.

எல்லோருக்கும் என் சலாம்.

ராத்தா,
நஜ்முன் நிஸா


திருகோணமலை
02.06.1980

கண்ணியமிக்க ராத்தாவுக்கு,

தம்பி முஹம்மது தம்பி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசி வெந்நீர் ஒற்றடம் கொடுக்கவும் என்று ஜெமீலா சொல்கிறாள்.

துறைமுகத்தில் இப்போது கப்பல் கூடுதலாக வருகிறது. சீனக்குடாப் பக்கம் புதிய வேலைகள் தொடங்கியிருப்பதால் வெளியூர் ஆட்கள் வந்து குவிகிறார்கள். கடையில் கயிறும் தாரும் பெயின்றும் பரவாயில்லாமல் போகிறது. கடன்காரரும் கூடியிருக்கிறார்கள்.

லைலாவின் செய்தி சொல்லாமல் விட்டதற்குக் கோபிக்க வேண்டாம். சந்தோசத்தை ஆறவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். பள்ளிவாசலடியில் என்னைப் பகிடி பண்ணாத ஆள் இல்லை. அலியார், "தம்பி, என்ட ஆட்டுக்கு ரெண்டு நாளா இருமல். உன்ட மகள் எப்ப வந்து நாக்கப் பாப்பா?" என்று கேட்கிறான். மனிசருக்கு டொக்டர் என்றாலாவது வாய் திறக்கலாம். மாட்டுக்கு என்றால் என்ன சொல்வது?

புத்தகம் பத்திரமாக இருக்கிறது. ஒக்டோபருக்கு நாள் கிடக்கிறது, ராத்தா. அவசரப்பட வேண்டாம்.

உங்கள் துஆவை நாடும்
தம்பி


கண்டி
09.06.1980

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். நல்லெண்ணெய் பூசினேன், தலையணை உறைதான் பழுதாகியது. ஜெமீலாவிடம் சொல்லாதே.

புத்தகம் பத்திரமாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அனுப்பச் சொன்னேன். தபாலில் தொலையும் என்று பயந்தால் கடைசிப் பக்கத்தில் இருக்கும் மீதியை மட்டும் பார்த்து எழுது. ஒரு வரி போதும். போன வருடம் முதல் உன் கையெழுத்து மிகவும் திருந்தியிருக்கிறது. அதனால் எழுதச் சிரமம் இருக்காது.

அலியாரின் ஆட்டுக்கு இருமல் என்றால் அதைப் பார்க்க ஒருவர் வேண்டும்தானே. நம்முடைய மாவட்டத்தில் மனிசரைவிட மாடு கூட. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். லைலா கெட்டிக்காரி அல்ல. என்னிடம் படித்த பிள்ளைகளில் அவளைவிடக் கூர்மையானவர்கள் வருடத்துக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் இரண்டு தரம் தவறி, ஊர் முழுவதும் சிரித்த பிறகு, மூன்றாம் தரமும் போய் இருந்து எழுதுகிற பிடிவாதம் அந்தப் பத்துப் பேரில் ஒருத்திக்கும் இல்லை. அதற்குத்தான் நான் காசு அனுப்பினேன். கெட்டித்தனத்துக்கு அல்ல.

மீதியை எழுதவும்.

ராத்தா


திருகோணமலை
30.06.1980

கண்ணியமிக்க ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். நோன்பு வருகிறது. வெயில் தாங்க ஏலாது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது.

புத்தகம் அலுமாரியில் இருக்கிறது. திறப்பை ஜெமீலா எங்கோ வைத்துவிட்டாள். தேடுகிறோம்.

ஒரு நல்ல செய்தி. கிண்ணியா ஸைனுலாப்தீன் முதலாளி, அரிசி ஆலைக்காரர், தன் மகன் அபூதாஹிருக்கு நம்முடைய லைலாவைக் கேட்டு வந்தார். பையன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக். குடி, சிகரட் ஒன்றும் இல்லை. துறையடியில் பாதைப் படகை விட்டு இறங்கி நேரே வீட்டைப் பார்க்கத்தான் வந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார். அறையைக் காலால் அளந்தார். "கூரையும் கதவும்தானே மிச்சம், அது பாத்துக்கலாம். வீட்டு உறுதியப் புள்ளட பேருக்கு எழுதிப்போட்டுச் சொல்லுங்க, நாள் குறிப்பம்" என்றார். எனக்கும் அது நியாயமாகப்பட்டது. போன கிழமை நொத்தாரிசிடம் போய் லைலா பெயருக்கு நன்கொடை உறுதி எழுதி முடித்தேன். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் நாள் குறிக்க வருவார்கள்.

படிப்பும் நல்லதுதான். அல்லாஹ் எதை நாடுகிறானோ அது நடக்கும்.

தம்பி


கண்டி
04.07.1980

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எந்த வீடு?

நான் கடைசியாக வந்தது 1978 மார்கழி விடுமுறையில். வளவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு முருங்கையும் கோழிக்கூடும் நின்றன. கடையின் பின்புறம் செங்கல் அடுக்கியிருந்தது. என்னவென்று கேட்டேன். விற்பதற்கு என்றாய். இப்போது அங்கே சுவர் தட்டிப் பார்க்கும் அளவுக்கு ஒரு வீடு நிற்கிறது. தாரும் கயிறும் விற்று, பாதிக் கடனுக்குக் கொடுக்கிற கடையில் இருந்து இந்தச் சுவர் எழும்பாது என்பதை அறிய நான் கணக்கு ஆசிரியையாக இருக்கத் தேவையில்லை.

திறப்பைத் தேட வேண்டாம். ஓம் அல்லது இல்லை என்று மட்டும் எழுது. புத்தகம் ஒன்று இருக்கிறதா?

நஜ்முன் நிஸா


திருகோணமலை
21.07.1980

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்போடு இருந்துகொண்டு எழுதுவதால் பொய் சொல்ல மாட்டேன்.

புத்தகம் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

உங்களுடைய முதலாவது காசுக்கட்டளை வந்த கிழமை சூளைக்காரன் ஒருவன் கடனை அடைக்க ஏலாமல் கல்லை அரை விலைக்கு விற்றான். வாங்கிப் போட்டேன். அடுத்த மாதம் மணல். பிறகு மரம். ஒரு சதம் என் வயிற்றுக்குள் போகவில்லை, ராத்தா. லைலாவுக்கென்று அனுப்பினீர்கள், லைலாவுக்கென்றே செலவழித்தேன். நீங்கள் சொன்ன வழியில் அல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். நம்முடைய ஆட்களில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். வருவதற்கு வீடு இல்லாவிட்டால் அவன் எங்கே வருவான்?

நீங்கள் படித்தவர்கள். ஆனாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். வாப்பா கப்பல்துறைக் காணியை விற்று உங்களைப் பேராதனையில் படிப்பித்தார். அந்தக் காணியில் உங்களுக்கு ஒரு வீடு எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. அதனால் ஒருவனும் வரவுமில்லை. நாற்பத்தெட்டு வயதில் உங்களுக்குப் படுக்க இருப்பது பள்ளிக்கூடம் தந்த ஒரு கட்டில். என் மகளுக்கும் அந்தக் கட்டில் வேண்டாம்.

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தம்பி


திருகோணமலை
19.08.1980

மதிப்புக்குரிய மாமிக்கு,

லைலா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை அறிய ஒரு மாதமாகத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். பெருநாளுக்கும் உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன பெருநாளுக்கு அனுப்பிய வாழ்த்தட்டையை உம்மா இன்னும் கண்ணாடி அலுமாரியில்தான் வைத்திருக்கிறார்.

உறையின் மேல் எழுத்தைப் பார்த்து வாப்பாவின் கடிதம் என்று நினைத்திருப்பீர்கள். கை ஒன்றுதான், மாமி. போன வருடம் முதல் வாப்பாவின் கடிதங்களை எழுதுவது நான். அவருடைய இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்துவிட்டது. கடையில் கயிற்றைத் தடவிப் பார்த்து அளக்கிறார். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தை இப்போது உடைக்கிறேன்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். உங்கள் கடிதம் வந்தால் நான் வாசித்துக் காட்டுவேன். "புத்தகம் பத்திரமாக இருக்கிறது" என்று எழுதியது நான். திறப்பைத் தேடுகிறோம் என்று எழுதியதும் நான்தான். லைலா கெட்டிக்காரி அல்ல என்று நீங்கள் எழுதியதையும் நானே உரத்து வாசித்தேன். அப்போது வாப்பா சிரித்தார். அதற்கடுத்த வரியை வாசித்தபோது சிரிக்கவில்லை.

கட்டிலைப் பற்றிய வரி. அதைத்தான் சொல்ல வந்தேன். எழுதி முடித்ததும் வழக்கம்போல வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "அந்தக் கட்டில்ட கதைய வெட்டு" என்றார். சரி வாப்பா என்றேன். வெட்டவில்லை. அப்படியே மடித்து உறையில் போட்டு ஒட்டினேன். அவருக்குத் தெரியாது. நீங்கள் ஏன் பதில் எழுதவில்லை என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. காசுக்காகத்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்.

ஏன் வெட்டவில்லை என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் எனக்காகக் கோபப்படுகிற ஆள் யாரும் இல்லை. உங்கள் கோபம் ஒன்றுதான் என் பக்கம் இருந்தது. புத்தகம் இல்லை என்று அறிந்ததும் மனம் சலித்து விட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன். இன்னும் கோபம் வரட்டும் என்று விட்டேன்.

வாப்பா படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, மாமி. "போ மகள், ஆர் மறிச்ச? காசுக்கு என்ன செய்ற?" என்றுதான் கேட்கிறார். வேண்டாம் என்பதைவிட இது அவருக்கு வசதி. ஒக்டோபர் 13 தானாகக் கடந்து போகும். பிறகு ஹஜ்ஜுப் பெருநாள். பிறகு ஸைனுலாப்தீன் மாமா.

என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

லைலா


கண்டி
26.08.1980

லைலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். கேட்டதற்காகச் சொல்கிறேன்.

உன் வாப்பா ஒரு கல்லை எடுத்தார். நீ அதை வாங்கி என்மேல் எறிந்தாய். அவருக்கும் உனக்கும் உள்ள வித்தியாசம், அவர் பிறகு கீழே போடச் சொன்னார். இதை நீ மறக்கக் கூடாது. நானும் மறக்கப் போவதில்லை. எனக்குக் கோபம் வர வேண்டும் என்று விரும்பினாய். வந்திருக்கிறது. உன்மேலும்.

பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. உன் வாப்பா எழுதியது பொய்யல்ல. பொய்யாக இருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன். இந்தக் கட்டில் பள்ளிக்கூடத்துடையது. மெத்தையின் ஓரத்தில் இலக்கம் அடித்திருக்கிறது. இன்னும் ஏழு வருடத்தில் ஓய்வு பெறும்போது திருப்பிப் பாரம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எங்கே போவேன் என்று நான் முடிவு செய்யவில்லை. படித்ததால் எனக்கு என்ன கிடைத்தது என்று நீ கேட்டு எழுதாதே. ஒரு மாதமாக அதைத்தான் யோசித்தேன். உனக்கு அனுப்பக்கூடிய விடை ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் அது என் கதை. அதைக் காட்டி உன்னைத் தடுக்க உன் வாப்பாவுக்கும் உரிமை இல்லை. அதைக் காட்டி உன்னை அனுப்ப எனக்கும் இல்லை.

காசுக்கு வருகிறேன். மாதம் நூற்றைம்பது ரூபாய் என்னால் தரலாம். அதற்கு மேல் ஒரு சதமும் ஏலாது. உனக்குத் தேவை முந்நூறு. பாதி குறைகிறது. யாரிடமும் கடன் வாங்க நான் உடன்பட மாட்டேன்.

ஒரு கேள்வி. நன்கொடை உறுதியில் கொடுப்பவர் மட்டும் கையெழுத்து வைத்தால் போதாது. ஏற்றுக்கொள்பவரும் வைக்க வேண்டும். நீ வைத்தாயா? உனக்கு மாசியில் இருபத்தொரு வயது முடிந்தது அல்லவா?

மாமி


திருகோணமலை
15.09.1980

மதிப்புக்குரிய மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அது எனக்கு வந்தது.

ஓம், கையெழுத்து வைத்தேன். நொத்தாரிசு விரலால் தொட்டுக் காட்டிய இடத்தில் வைத்தேன். அப்போது அது கலியாணத்துக்கான கையெழுத்து என்றுதான் எல்லோரும் நினைத்தோம், நானும் சேர்த்து. உங்கள் கேள்வியை மூன்று தரம் வாசித்த பிறகுதான் அது வேறு எதற்கும் உதவும் என்று பட்டது.

கடைக்குக் காசிநாதர் என்று ஒருவர் வருவார். காணி அளக்கிற அரசாங்க நில அளவையாளர். எல்லைக் கல்லுக்குப் பூச வெள்ளைப் பெயின்றும் கயிறும் வாங்குவார். லிங்கநகரில் ஒரு அறையில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறார். வெளியூர் ஆட்கள் வந்து நிரம்பியதில் ஊரில் வாடகைக்கு வீடு இல்லை. வரும்போதெல்லாம் அந்த அறையின் ஒழுக்கைப் பற்றியே பேசுவார். நான் கேட்டேன்: "ஐயா, சுவர் மட்டும் இருக்கிற வீடு ஒன்று இருக்கிறது. கூரை போட்டுத் தந்தால் வருவீர்களா?" எங்கே என்றார். பின்னால் திரும்பிப் பாருங்கள் என்றேன்.

மாதம் இருநூறு ரூபாய். ஐந்து வருடக் குத்தகை. இரண்டு வருட வாடகையை முன்பணமாகத் தருகிறார். அதில் பாதி ஓட்டுக்கும் கதவுக்கும். மற்றப் பாதியை இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் நூறு வரும். உங்கள் நூற்றைம்பதோடு இருநூற்றைம்பது. ஐம்பது ரூபாய்க்குச் சாப்பாட்டைக் குறைப்பேன். மூன்றாம் வருடம் முதல் முழு வாடகையும் கைக்கு வரும். அப்போது குறைவே இல்லை.

வாப்பாவிடம் சொன்னேன். கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"என்ட வளவுக்குள்ள வேற ஆக்களா?"

"வளவு உங்கட, வாப்பா. வீடு என்ட. நீங்கதான் எழுதித் தந்த."

"அது கலியாணத்துக்கு எழுதின."

"உறுதியில அப்பிடி ஒண்டும் இல்ல. வாசிச்சுக் காட்டவா?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவரால் வாசிக்க ஏலாது என்பது எனக்குத் தெரியும்தானே. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. உம்மாதான் சோறு போடும்போது, "ஆள் இல்லாத வீட்டக் கறையான் தின்னும். ஆள் இருந்தா நல்லம்" என்று யாருக்கும் சொல்லாத மாதிரிச் சொன்னார்.

எப்படியோ கிண்ணியாவுக்குச் செய்தி போய், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஸைனுலாப்தீன் மாமா மகனோடு வந்துவிட்டார். நான் திரைக்குப் பின்னால் நிற்காமல் தேத்தண்ணியோடு முன்னால் போனேன்.

"அஞ்சு வருசமாம்?"

"ஓம் மாமா."

"அது முடியுமட்டும் என்ட மகன் எங்க படுக்கிற?"

உம்மா குசினிக்குள் இருந்து, "இப்ப எங்க படுக்கிறாரோ அங்கதான்" என்றார்.

அபூதாஹிருக்குச் சிரிப்பு வந்து தேத்தண்ணி புரையேறிவிட்டது. அவர் மோசமான ஆள் இல்லை என்று நினைக்கிறேன். ஸைனுலாப்தீன் மாமா எழும்பும்போது, "மாட்டுக்கு ஊசி போட்ட கையால சோறாக்கினா ஆர் தின்னுற?" என்று கேட்டார். அவருடைய ஆலையில் பதினெட்டு மாடு நிற்கிறது, மாமி. அதில் ஆறுக்கு வாய்க் கொப்புளம்.

அவர்கள் இனி வர மாட்டார்கள். நொத்தாரிசு குத்தகையை எழுதிவிட்டார். ஓடு ஏற்றுகிறார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. விடுதிப் படிவத்தில் தகப்பன் அல்லது பாதுகாவலர் கையெழுத்து வைக்க வேண்டும். வாப்பா தொட மாட்டேன் என்கிறார். அது இல்லாமல் விடுதி இல்லை. விடுதி இல்லாமல் இந்தக் காசுக் கணக்கு ஒன்றுமே சரிவராது. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் வைத்து அனுப்பினால் போதும்.

வரியை வெட்டாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று தொடங்கினேன். கேட்டால் அது இந்தப் படிவத்துக்காக என்று ஆகிவிடும். அதனால் இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை.

லைலா


கண்டி
22.09.1980

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை லைலா உனக்கு வாசிப்பாள். ஒரு சொல்லையும் விடாமல் வாசிப்பாள் என்பதை நான் இப்போது அறிவேன்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். என் கையெழுத்து அதில் இல்லை. இட்டுவிடுவது எனக்குச் சுகம். உனக்கும் சுகம். பிறகு வாழ்நாள் முழுவதும், ராத்தா என் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார் என்று பள்ளிவாசலடியில் சொல்லலாம். அந்த வசதியை நான் தர மாட்டேன். தகப்பன் உயிரோடு இருக்கிறான். தகப்பன் வைக்கட்டும், அல்லது வைக்க மாட்டேன் என்று மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். காசில்லை என்ற காரணம் இனி உனக்கு இல்லை.

கட்டிலைப் பற்றி. அந்த வரியை நீ வெட்டச் சொன்னாய் என்றும், அது வெட்டப்படவில்லை என்றும் அறிந்தேன். லைலா, நிறுத்தாமல் வாசி. அதை நீ நினைத்தது இந்த வருடம் அல்ல, தம்பி. பேராதனை திறந்த வருடம் நான் பெட்டியோடு புறப்பட்டபோது நீ பதினாறு வயதுப் பெடியன், ஸ்டேசனில் அழுதாய். நான் பிரிவதற்கு அழுகிறாய் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். காணி போனதற்கு அழுதாயோ என்று இந்த ஒரு மாதமாகச் சந்தேகப்படுகிறேன். உன் கடிதம் எனக்குச் செய்த கெடுதி அதுதான். காசு அல்ல.

ஏழு வருடம் என்னிடம் பொய் சொன்னதற்குக் கோபம். செங்கல்லைக் காட்டி விற்பதற்கு என்று சொன்னதற்குக் கோபம். எல்லாவற்றையும்விட, கண் தெரியவில்லை என்பதை மறைத்து, உன் பொய்யைப் பிள்ளையின் கையால் எழுதுவித்ததற்குக் கோபம். நான் அதைப் பொறுக்கவில்லை. பொறுத்துவிட்டேன் என்று யாரும் உனக்குச் சொன்னால் நம்பாதே.

ஒக்டோபர் 13.

நஜ்முன் நிஸா


திருகோணமலை
16.10.1980

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இத நானே எழுதிறன். கோடு தெரியல்ல. எழுத்து ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறியிருந்தா பாத்துக் கொள்ளுங்க. எழுதித் தர இப்ப வீட்டில ஆள் இல்ல.

கையெழுத்து வச்சிட்டன். எங்க வைக்கிற எண்டு லைலா விரலத் தொட்டுக் காட்டினா. திங்கக்கிழம நானே கூட்டிக்கொண்டு போனன். பேராதனையில இறங்கிப் பெட்டியத் தூக்கினன், அவ விடல்ல. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கொண்டு போனம். ஒரு பெரிய தொழுவத்தக் கடந்து போற. என்ன மாடு எண்டு கேட்டன். சொன்னா. பேர் மறந்து போச்சு.

திரும்பிக் கண்டியில பஸ் மாறக்குள்ள உங்கட பள்ளிக்கூடத்துக் கேற் வரைக்கும் வந்தனான். காவல்காரன் ஆர் நீங்க எண்டு கேட்டான். அவனுக்கு மறுமொழி சொல்லாம திரும்பிட்டன்.

உங்களில எனக்கும் கோபந்தான். நீங்க சொன்னது எல்லாம் சரி, ஸ்டேசன்ல அழுதது மட்டும் பிழை. காணிக்கு அழயல்ல. அண்டைக்கு எனக்குக் காணியெண்டா என்னண்டே தெரியா.

காசிநாதர் குடி வந்திட்டார். அவர்ட பொஞ்சாதி ஞானமணியும் ஜெமீலாவும் காலையில இருந்து மதிலடியில நிண்டு கதை. முருங்கைக்காய் போகுது, புட்டு வருகுது.

நீங்க கேட்ட புத்தகம் பதிவுத் தபாலில அனுப்பியிருக்கன்.

தம்பி


கண்டி
25.10.1980

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். உன் கடிதத்தை வாசித்து முடிக்க இரண்டு நாள் சென்றது. நாலாவது வரியும் ஐந்தாவது வரியும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. பிரித்து எடுத்துவிட்டேன்.

புத்தகம் கிடைத்தது. லைலாவின் பெயர் சரியாக இருக்கிறது. ஐம்பது ரூபாய் போட்டிருக்கிறாய். அவள் சாப்பாட்டில் குறைக்கப் போவதாக எழுதிய ஐம்பது. அவள் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். நீ கேட்டிருக்கவும் மாட்டாய். எப்படி அறிந்தாய் என்று நான் விசாரிக்கவில்லை. திறந்த திகதி 14.10.1980 என்று முத்திரை குத்தியிருக்கிறது. அதற்கு முன்னால் ஏழு வருடமும் ஒன்பது மாதமும் இருந்தன. அதையும் பார்த்தேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் கண் டொக்டரிடம் உனக்கு நாள் எடுத்திருக்கிறேன். நவம்பர் 17, திங்கட்கிழமை. ஒரு கண் இப்போது, மற்றது தை மாதத்தில். பத்து நாள் தங்க வேண்டும். உன்னைத் தங்கவைக்க எனக்கு வீடு இல்லை என்பது உனக்குத் தெரியும். இங்கே வேலை பார்க்கும் ஸல்ஹா ரீச்சரின் வீட்டில் ஒரு முன்னறை கேட்டிருக்கிறேன். கட்டில் ஒன்று போதாது, ஜெமீலாவும் வருவாள் என்று சொல்லி வைத்தேன்.

எனக்குக் கோபம் தீரவில்லை. ஸ்டேசனுக்கு வருவேன், கோபத்தோடுதான் வருவேன். காவல்காரன் போல யாராவது கேட்டால் இந்த முறை யார் என்று சொல்.

வரும்போது முருங்கைக்காய் கொண்டு வா. இங்கே கிடைப்பது முற்றல்.

ராத்தா